கையைத் தூக்குவதற்கு முன்: மழை, மனநிலை, நம் பேஸ்மென்ட்

(செப்டம்பர் மாதக் கூட்டத்தில் நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் இடம்பெறுகிறது.)



செக்ரட்டரி சார் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன். வெளியே போண்டா ஆறிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை நம் பொதுக்குழு. அஜெண்டாவில் பெரிய விஷயம் ஒன்றுதான். பேஸ்மென்ட்டில் இருக்கும் மெயின் பேனல் போர்டையும் ஜெனரேட்டரையும் தரைத்தளத்தில் உயரமாக மேடை கட்டி மாற்றுவதா, இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவதா? வந்திருக்கும் கொட்டேஷன் பதினொன்றரை லட்சம். 48 வீடு. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 24,000 ரூபாய். கேபிள், மின்வாரிய அனுமதி, மேடை எத்தனை அடி என்பதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் அன்றைக்குச் சொல்வார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு. தண்ணீர் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தில் நீங்களும் நானும் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறோம்? அந்த நேரத்தில் நம் மனநிலை என்ன செய்கிறது? நம் பேச்சில் இருக்கும் உறுதி என்ன செய்கிறது? இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நம் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துவிடலாம். இந்தத் தீர்மானம் புதிது இல்லை. 2024 ஜனவரியில் ஒரு தடவை வந்தது. மிக்ஜாம் புயல் மழை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம். கூட்டத்துக்கு 41 பேர் வந்தார்கள். பேனலை மாற்ற வேண்டும் என்று கை தூக்கியவர்கள் 39 பேர். அன்றைக்குக் கொட்டேஷன் கையில் இல்லாததால் "வாங்கி வைத்துக்கொண்டு பேசலாம்" என்று முடித்தார்கள். அடுத்து 2025 ஜனவரியில் கொட்டேஷனோடு வந்தது. 37 பேர் வந்தார்கள், கை தூக்கியது 14 பேர். தள்ளிவைத்தோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வேண்டும் என்றார்கள். ஒரே வருஷத்தில் அது முப்பத்தெட்டாக இறங்கிவிட்டது. நடுவில் நம் பேஸ்மென்ட் ஒரு அங்குலம்கூட உயரவில்லை. ராம்ப்பின் சரிவு மாறவில்லை. தெருவில் மழைநீர் வடிகால் வேலை கொஞ்சம் நடந்தது, உண்மைதான், ஆனால் அதைக் காரணமாக யாரும் கூட்டத்தில் சொன்னதாக மினிட்ஸில் இல்லை. "போன வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் பதிவாகியிருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் புயல் கரையை ஒட்டியே மெதுவாக நகர்ந்தது. அது கரையைக் கடந்தது டிசம்பர் 5-ல், ஆந்திராவில் பாபட்லா பக்கம். ஆனால் முங்கியது நாம். பேஸ்மென்ட்டில் தண்ணீர். தெருவுக்கு ஈபி சப்ளை திரும்பிய பிறகும் நம் பேனல் நனைந்து கிடந்ததால் நமக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் இருட்டு. லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை. ஐந்தாவது மாடிப் பெரியவரை டயாலிசிஸுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பையன்கள் படி படியாக இறக்கினார்கள். அதைப் பார்த்தவர்கள்தான் அந்த ஜனவரியில் கை தூக்கினார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் வேறு ஒரு அனுபவத்தோடு வந்தார்கள். 2024 அக்டோபர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் 16-ம் தேதிக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார். நம் குடியிருப்பிலிருந்தே ஏழெட்டு வண்டி போனது. 15-ம் தேதி நல்ல மழை. ஆனால் ரெட் அலர்ட் இருந்த 16-ம் தேதி, ஊருக்குள் பயந்த அளவு ஒன்றுமில்லை. 17-ம் தேதி அதிகாலை தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது. வாட்ஸ்அப் முழுக்க மேம்பால மீம்ஸ். அடுத்து நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஏர்போர்ட்டையே மூடினார்கள், மறுபடியும் மேம்பாலத்தில் கார். அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலம், புதுச்சேரி பக்கம் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டித் தீர்த்தது. விழுப்புரமும் திருவண்ணாமலையும் பட்ட பாடு செய்தியில் பார்த்தோம். நமக்கோ, "தப்பிச்சோம்" என்பதைவிட "சும்மா பயமுறுத்துறாங்க" என்ற எண்ணம்தான் மிஞ்சியது.

இரண்டு ஜனவரியிலும் நாம் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் மனதில் பட்டதைத்தான் சொன்னோம். சிக்கல் என்னவென்றால், மனதில் பட்டது எங்கிருந்து வந்தது என்று மனம் நமக்குச் சொல்வதில்லை.

இதை உளவியல்காரர்கள் பல காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1983-ல் எரிக் ஜான்சன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. செய்தித்தாள் செய்தி மாதிரி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள், ஒரு மனிதர் இறந்துபோன சோகக் கதை. பிறகு, வெவ்வேறு காரணங்களால் வருஷத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிடச் சொன்னார்கள். கதையில் ஒருவர் ஒரு நோயால் செத்தால், அந்த நோயைப் பற்றிய மதிப்பீடு கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? எல்லாமே கூடிவிட்டது. கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆபத்துகள்கூடப் பெரிதாகத் தெரிந்தன. மகிழ்ச்சியான செய்தியைப் படித்தவர்களுக்கு எல்லாமே சின்னதாகத் தெரிந்தன. காலையில் பேப்பரில் ஒரு கொலைச் செய்தி படித்துவிட்டு, சாயங்காலம் பையன் டூவீலரில் டியூஷன் போவதை நினைத்து வயிற்றைப் பிசைகிறதே, அதுதான் இது.

அதே 1983-ல் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் க்ளோர் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வேலை செய்தார்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளிலும் மழை நாளிலும் ஆட்களுக்கு போன் போட்டு, "மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது?" என்று கேட்டார்கள். வெயில் நாளில் பேசியவர்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாகவும், மழை நாளில் பேசியவர்கள் கொஞ்சம் குறைவாகவும் சொன்னார்கள். (வெயில் என்றால் சந்தோஷம் என்பது அந்த ஊர்க் கணக்கு. நம் ஊரில் மே மாதம் கேட்டால் கதையே வேறு.) சுவாரசியம் அடுத்ததில்தான் இருக்கிறது. சிலரிடம் முதலிலேயே பேச்சுவாக்கில், "அங்கே வானிலை எப்படி?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களிடம் மழை நாளின் அந்தச் சரிவு காணாமல் போனது. "ஓ, மனசு டல்லாக இருப்பது மழையால்" என்று தெரிந்த உடனே, அந்த டல்லை வாழ்க்கைக் கணக்கில் அவர்கள் சேர்க்கவில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் லட்சக்கணக்கான ஆட்களின் பதில்களை வைத்துப் பார்த்தபோது, வானிலைக்கு அவ்வளவு சக்தி இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் மழை பெய்தால் எல்லோரும் சோகம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு உபயோகமாகப் பட்டது அந்த முன்கேள்விதான். நம் மனநிலை எதனால் இப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்வது. காசு செலவில்லாத காரியம்.

மனநிலை என்றால் பயமும் மகிழ்ச்சியும் மட்டும் இல்லை. நம் சங்கத்தில் பயத்தைவிட அதிகமாகப் புழங்குவது கோபம். சிரிக்காதீர்கள், குரூப் மெசேஜ்களை நானும் படிக்கிறேன். ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் என்ற இருவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் பயத்தையும் கோபத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே கெட்ட மனநிலைதானே, இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. பயந்தவர்கள் ஆபத்தைப் பெரிதாக எடைபோட்டார்கள். கோபத்தில் இருந்தவர்கள் ஆபத்தைச் சின்னதாக எடைபோட்டார்கள், கிட்டத்தட்ட மகிழ்ச்சியில் இருப்பவர்கள் மாதிரியே. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஆட்களை எடுத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது.

கோபம் வந்தால், யார் தப்பு என்று நமக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நிச்சயம் வருகிறது. அந்த நிச்சயம் மற்ற விஷயங்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இதை நம் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். 2025 ஜனவரிக் கூட்டத்தில் பேனல் விஷயத்துக்கு முன்னால் எதைப் பேசினோம்? மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 50 பைசா ஏற்றியதை. முக்கால் மணி நேரம். அந்தச் சூடு ஆறாமலேயே அடுத்த தலைப்புக்கு வந்தோம். "தண்ணி எல்லாம் வராது, இது காசு பிடுங்குற வேலை" என்று ஒருவர் சொன்னார், கை தட்டினார்கள். காசு விஷயத்தில் இருந்த கோபம், தண்ணீர் வராது என்ற நம்பிக்கையாக மாறியது. அந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அக்டோபர் 5 அஜெண்டாவில் பேனலை முதலில் வைத்து, கணக்கு வழக்குகளைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லி செக்ரட்டரி சாரிடம் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது உறுதி. "கண்டிப்பா", "நூறு சதவீதம்", "நான் முப்பது வருஷமா இந்த ஏரியாவில் இருக்கேன்" என்று ஆரம்பிக்கும் பேச்சுகள். டேனியல் கானமன் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உளவியல்காரராக இருந்துகொண்டே 2002-ல் பொருளாதார நோபல் வாங்கியவர், 2024-ல் காலமானார். அவர் இருபது வயதுகளில் இஸ்ரேல் ராணுவத்தில் வேலை பார்த்தார். அதிகாரி பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை. எட்டு இளைஞர்கள், ஒரு நீளமான மரக்கட்டை, ஒரு சுவர். கட்டையும் ஆட்களும் சுவரைத் தொடாமல் அந்தப் பக்கம் போக வேண்டும். யார் தலைமை எடுக்கிறான், யார் முரண்டு பிடிக்கிறான், யார் சோர்ந்து போகிறான் என்று கானமனும் அவர் கூட்டாளியும் கவனிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும்: இவன் நல்ல அதிகாரியாவான், இவன் தேறமாட்டான்.

சில மாதத்துக்கு ஒரு முறை பயிற்சிப் பள்ளியிலிருந்து தகவல் வரும், யார் உண்மையில் எப்படிச் செய்தார்கள் என்று. இவர்களுடைய கணிப்பு கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட ஏதோ கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். கானமன் பிற்காலத்தில் வியந்து எழுதியது இதைத்தான்: தகவல் வந்த மறுநாள் புது பேட்ச் வரும், மறுபடியும் சுவர், மறுபடியும் கட்டை, மறுபடியும் அதே பளிச். கணிப்பு பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் உறுதி குறையவில்லை. அவர் கண்ட விளக்கம்: மனதுக்குள் ஒரு கதை நன்றாகக் கோர்வையாக அமைந்துவிட்டால் உறுதி வந்துவிடுகிறது. கதைக்கு ஆதாரம் எவ்வளவு என்பதை அது பார்ப்பதில்லை.

நம் கூட்டங்களில் கோர்வையான கதைகளுக்குப் பஞ்சமில்லை. "2015-ல் வந்தது ஏரித் தண்ணி, இனிமே அப்படித் திறக்க மாட்டாங்க" என்பது ஒரு கதை. 2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய நவம்பர் முழுக்கப் பெய்து மண் ஏற்கெனவே நிறைந்திருந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வந்தது. ஒன்றா, இரண்டா காரணம்? "மிக்ஜாம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது, அடுத்தது நம்ம பேரன் காலத்துல" என்பது இன்னொரு கதை. இதைச் சொல்பவர் 2015-ஐ எந்த நூறு வருஷத்தில் வைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கதையும் உண்டு: "இனிமே வருஷா வருஷம் முங்கும், ஃப்ளாட்டை வித்துட்டுப் போறதுதான் புத்தி." இதற்கும் ஆதாரம் அதே அளவுதான்.

வெள்ளத்துக்கு நடுவில் 2019 வந்ததை மறந்துவிடக் கூடாது. ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அந்தக் கோடையில் "இனி மெட்ராஸுக்கு மழையே கிடையாது" என்று எத்தனை உறுதியாகப் பேசினோம்! பயத்தில் போட்ட போர்வெல்கள் எத்தனை! தண்ணீர் இல்லாத மனநிலையில் வெள்ளத்தைப் பற்றி யோசிக்க முடியாது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் பற்றியும் யோசிக்க முடியாது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே வீட்டுக்காரருக்கு, நாலைந்து வருஷ இடைவெளியில் நடக்கிறது.

அப்படியானால் உறுதியாகப் பேசவே கூடாதா? பேசலாம். உறுதியின் அளவைச் சொல்லிவிட்டுப் பேசலாம். இதை ஒழுங்காகச் செய்பவர்கள், நாம் எல்லோரும் திட்டும் வானிலைக்காரர்கள்தான். வானிலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்ய வாய்ப்பு" என்று படிக்கிறோம். நாம் வாசிப்பது "என் தெருவில் கொட்டப்போகிறது" என்று. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் "ஓரிரு இடங்கள்" என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாது. "அதி கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல். ஆங்கில அறிக்கையில் வெறும் "லைக்லி" என்று போட்டால், அவர்கள் கணக்கில் வாய்ப்பு 25-லிருந்து 50 சதவீதத்துக்குள். அதாவது பாதிக்கும் கீழே! "வெரி லைக்லி" என்றால்தான் பாதியைத் தாண்டுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள், தினமும் சொல்கிறார்கள், மறுநாளே சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் "கண்டிப்பா" சொல்லும் நமக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு மார்க் போடும் முறைகூட உண்டு. 1950-ல் க்ளென் ப்ரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் சொன்னது. மழை வரும் என்பதற்கு 70 சதவீதம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். வந்துவிட்டால் ஒன்றிலிருந்து 0.7-ஐக் கழித்து, மீதி 0.3-ஐ அதாலேயே பெருக்குங்கள், 0.09. வரவில்லை என்றால் 0.7-ஐ அதாலேயே பெருக்கினால் 0.49. மார்க் குறைவாக இருந்தால் நல்லது. எப்போதும் "பாதிக்குப் பாதி" என்று தப்பித்துக்கொள்பவருக்கு எப்போதும் 0.25. "நூறு சதவீதம்" என்று அடித்துச் சொல்லித் தப்பானவருக்கு முழுசாக 1. நூறு சதவீதம் என்பது எவ்வளவு செலவுள்ள சொல் என்று இதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மேம்பாலத்தில் கார் விட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் அவர்களைக் கிண்டல் செய்தோம். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது ரெட் அலர்ட். காரை நகர்த்த ஆகும் செலவு, திரும்பி வர ஆட்டோக் காசும் கொஞ்சம் தூக்கமும். இன்ஜினில் தண்ணீர் போனால் லட்சக் கணக்கு. அந்த இரவில், கையில் இருந்த தகவலுக்கு அது நல்ல முடிவு. மழை வராததால் அது கெட்ட முடிவாகிவிடாது. குடை எடுத்துப்போன நாளில் மழை வராவிட்டால் குடையைத் தூக்கியா போடுகிறோம்? ஆனால் கிண்டலுக்கு ஒரு விலை உண்டு. அடுத்த அலர்ட்டுக்கு அவர்களில் பாதிப் பேர் நகர்த்த மாட்டார்கள்.

இப்போது பேனலுக்கு வருகிறேன். "அடுத்த வருஷம் பேஸ்மென்ட்டில் தண்ணீர் வருமா?" என்று கேட்டால், பெரும்பாலும் வராது என்றுதான் தோன்றும். ஒரு பேச்சுக்கு, எந்த ஒரு வருஷத்திலும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான். அதே பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு தடவையாவது வருவதற்கு நாற்பது சதவீதம் ஆகிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், பத்து வருஷத்தில் அறுபத்தைந்து சதவீதம். புதிய மேடை ஒரு வருஷத்துக்கு மட்டும் இருக்கப்போவதில்லை. ஆகவே கேள்வியையே பத்து வருஷத்துக்குக் கேட்க வேண்டும். ஒரு வருஷத்துக்குக் கேட்டால் மனம் "வராது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறது.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். மறைப்பதற்கில்லை. மாற்றலாம் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறேன், எழுபது சதவீதம். மிச்சம் முப்பது ஏன் என்றால், ராம்ப்பின் வாயில் இரண்டடி மேடு எழுப்பி, மழைக்காலத்தில் தடுப்புப் பலகை பொருத்தும் வசதி செய்தால், இதில் பாதிச் செலவில்கூட காரியம் முடியலாம். அதற்கு எஸ்டிமேட் வாங்கச் சொல்லியிருக்கிறோம், அக்டோபர் 5-க்குள் வந்துவிடும் என்கிறார்கள். 2023-ல் தண்ணீர் ராம்ப் வழியாக எவ்வளவு, சுவர்க் கசிவாக எவ்வளவு வந்தது என்று இரவு டியூட்டியில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் எழுதி வைத்த குறிப்பும் இருக்கிறது. அந்த இரண்டு தாளும் என் எழுபதைத் தொண்ணூறாகவும் ஆக்கலாம், நாற்பதாகவும் ஆக்கலாம். என் குரலைவிட அந்தத் தாள்களுக்கு எடை கொடுங்கள்.

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். 1906-ல் இங்கிலாந்தில் ப்ளிமத் ஊர்க் கண்காட்சியில் ஒரு மாட்டின் எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. அறுத்துச் சுத்தம் செய்த பிறகு எவ்வளவு இருக்கும் என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். படிக்க முடிந்த 787 சீட்டுகளை ஃபிரான்சிஸ் கால்டன் வாங்கிப் பார்த்தார். வரிசைப்படுத்தியபோது நட்டநடுவில் இருந்த சீட்டு 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மேதைகள் இல்லை. அடுத்தவர் என்ன எழுதினார் என்று பார்க்காமல், மேடையில் யாரும் அடித்துப் பேசுவதற்கு முன்னால், தனித்தனியாக எழுதினார்கள். ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது சரிக்கட்டியது. நம் கூட்டத்தில் முதலில் மைக் பிடிப்பவர் "கண்டிப்பா" என்று ஆரம்பித்தால், அடுத்த நாற்பது பேரும் அவரைச் சுற்றித்தான் பேசுகிறோம்.

அதனால் அக்டோபர் 5 அன்று பேச்சுக்கு முன்னால் சீட்டு. உள்ளே வரும்போதே கையில் கொடுப்பார்கள். மூன்று கேள்விதான். அடுத்த பத்து வருஷத்தில் பேஸ்மென்ட்டில் பேனல் நனையும் அளவு தண்ணீர் வர எத்தனை சதவீத வாய்ப்பு? அப்படி வந்து மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம், ரூபாயில்? இன்றைக்கு நீங்கள் எந்த மனநிலையில் வந்திருக்கிறீர்கள், ஒரு வார்த்தையில்? மூன்றாவது கேள்வி எதற்கு என்று கமிட்டியில் சிரித்தார்கள். ஷ்வார்ஸும் க்ளோரும் போனில் வானிலை கேட்டது எதற்கோ, அதற்குத்தான். "கோபம்" என்று எழுதிவிட்டுக் கோபமாக இருங்கள், தப்பில்லை.

இரண்டாவது கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும் என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் மாடியில் தனியாக இருக்கும் இளைஞர் ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலைத் தவிர ஒன்றும் இழக்க மாட்டார், ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போய்விடுவார். ஐந்தாவது மாடியில் டயாலிசிஸ் இருக்கிறது. மூன்றாவது மாடியில் ஒரு அம்மா ஆக்ஸிஜன் மெஷினில் இருக்கிறார். வாடகைக்கு விட்டுவிட்டு அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளர்கள் ஒன்பது பேர், அவர்கள் ஆன்லைனில் எழுதி அனுப்பலாம். தயவுசெய்து குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சீட்டுகளை வரிசைப்படுத்தி, நடு மதிப்பைப் போர்டில் எழுதிய பிறகுதான் மைக். இரண்டு எஸ்டிமேட், செக்யூரிட்டி குறிப்பு, அப்புறம் உங்கள் பேச்சு, அப்புறம் ஓட்டு.

தீர்மானம் எப்படிப் போனாலும் இந்த வடகிழக்குப் பருவமழைக்குள் எந்த மேடையும் எழும்பாது. ஆகவே இந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு ஒப்பந்தம், இன்றைக்கே கை தூக்கிச் சொல்லிவிடலாம். ஆரஞ்சு அலர்ட் வந்தால் ஜெனரேட்டர் டீசல் நிரப்புவது, சம்ப்பை நிரப்பி மோட்டாரை மேலே தூக்குவது, ராம்ப்பில் மணல் மூட்டை. ரெட் வந்தால் பேஸ்மென்ட் கார்கள் வெளியே, டயாலிசிஸ் பெரியவரும் ஆக்ஸிஜன் அம்மாவும் அவரவர் உறவினர் வீட்டுக்கு, ராம்ப்பில் கோடு போட்ட இடத்துக்குத் தண்ணீர் வந்தால் மெயினை அணைப்பது. அன்றைக்கு இரவு குரூப்பில் "வரும்", "வராது" என்று விவாதம் வேண்டாம். வெயில் அடிக்கும் இந்த செப்டம்பரில், வயிறு நிறையப் போகும் நேரத்தில், நாம் போட்ட கோடு அது. அதன்படி செய்துவிட்டு, மழை வராமல் போனால் மறுநாள் மீம் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதம் உள்ளவர்கள் இப்போது கை தூக்கலாம். பின்வரிசையில் போனில் வானிலை ஆப் பார்த்துக்கொண்டிருக்கும் சாரும்தான்.

(அன்று வந்திருந்த 34 வீட்டாரில் 31 பேர் கை தூக்கினார்கள். பொதுக்குழுச் சீட்டுகள் அக்டோபர் 1 முதல் செக்யூரிட்டி மேசையில் கிடைக்கும். வர முடியாதவர்கள் பூர்த்தி செய்து அங்கே இருக்கும் பெட்டியில் போடலாம். பேனா கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து எடுத்துப்போக வேண்டாம்.)